முருகேசன் பின்னால் வருகிறான்

டிக்கெட் எடுக்கும் விஷயத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று நாற்பத்தெட்டு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். ரயிலோ, சினிமாவோ, கோயில் சிறப்பு தரிசனமோ, எங்கள் குடும்பத்தில் யார் எங்கே கிளம்பினாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். கீழ் பெர்த் வேண்டும், ஜன்னலோரம் வேண்டும், கழிப்பறை பக்கத்தில் வேண்டாம், ஆனால் ரொம்பத் தூரமாகவும் வேண்டாம் என்று அவர்கள் சொல்லச் சொல்ல வரிசை எண் போட்டுக் குறித்துக்கொள்வேன். தட்டாஞ்சாவடியில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் பார்க்கிறவள் நான். ஒரு பெட்டியில் மூடி குறைந்தால் அன்று இரவு எனக்குச் சோறு இறங்காது.

அந்த நம்பிக்கை ஓர் அரண்மனை வாசலில் முடிந்துபோயிற்று.

என் மாமனார் ஒரு சொல்தா. அதாவது, பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டு, அந்தப் பென்ஷனில் முதலியார்பேட்டையில் வீடு கட்டி, தினமும் காலையில் ஷூ பாலிஷ் போட்டுக்கொண்டு பேப்பர் வாங்கப் போகிறவர். இளம் வயதில் பிரான்சில் இருந்தபோது, கிடைத்த ஒரு நாள் லீவில் ரயிலேறி வெர்சாய் அரண்மனையைப் பார்க்கப் போயிருக்கிறார். அன்று திங்கட்கிழமை. திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. தங்க முலாம் பூசிய கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

அதை அவரே மறந்திருப்பார். கூட வேலை பார்த்த அந்துவான் மாமா மறக்கவிடவில்லை. பிரெஞ்சு தேசிய தினமான ஜூலை பதினாலாம் தேதி பழைய சொல்தாக்கள் எல்லாம் மெடல் குத்திக்கொண்டு கடற்கரையில் கூடும்போது, புதிதாக வந்த யாரிடமாவது அந்துவான் மாமா இவரை இப்படித்தான் அறிமுகம் செய்வார்: "இவரு ராஜா அரமனைக்குப் போனவரு. கம்பி எண்ணிட்டு வந்தாரு."

என் நாத்தனார் கல்பனா பாரிசுக்கு வெளியே புது வீடு வாங்கி, எங்களை அழைத்தபோது, மாமனார் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்.

"அந்த அரமனைக் கண்ணாடி மண்டபத்துல ஒரு தடவ நிக்கணும். அதுக்கப்புறம் எங்க வேணா கூட்டிட்டுப் போங்க, வரேன்."

"நான் இங்கருந்தே டிக்கெட் போட்டுடறேன் அண்ணி," என்றாள் கல்பனா போனில். அங்கேயே இருக்கிறவள், அந்த ஊர் மொழி தெரிந்தவள், அந்த ஊர் வங்கி அட்டை வைத்திருப்பவள். வேறு யாராக இருந்தாலும் 'சரி' என்று சொல்லியிருப்பார்கள். "வேணாம் கல்பனா, நான் பாத்துக்கறேன்," என்றேன் நான்.

(இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் விழுங்கியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.)

என்ன ஒரு பரபரப்பு தெரியுமா அது. கம்பெனியிலிருந்து வந்ததும் முகம் கழுவி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, ஏதோ பரீட்சைக்கு உட்காருவதுபோல் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவேன். அரண்மனை மட்டும் பார்க்க ஒரு டிக்கெட். தோட்டத்தோடு சேர்த்து ஒன்று. ராணி கோபித்துக்கொண்டால் போய் இருக்கச் சின்ன மாளிகை ஒன்று கட்டியிருக்கிறார்கள், அதற்குத் தனியாக ஒன்று. நீரூற்று ஆடுகிற நாளில் ஒரு விலை, ஆடாத நாளில் ஒரு விலை. உள்ளே நுழைய நேரம் வேறு நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். எங்கள் கம்பெனியில் லாரிக்கு நேரம் கொடுப்பதுபோல் ராஜா வீட்டிலும் நேரம் கொடுக்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்கு அந்த ராஜா மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

எல்லாவற்றையும் கட்டம் போட்டு ஒப்பிட்டேன். எந்த வழியாக நடந்தால் மாமாவுக்கு மூட்டு வலிக்காது, எங்கே உட்கார இடம் இருக்கும் என்று வரைபடத்தில் பென்சிலால் குறித்தேன். கண்ணாடி மண்டபத்தில் வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழும் என்றுகூடப் பார்த்தேன். நான் இப்படி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது உலகத்தில் மற்றவர்கள் ஆராய்ச்சி செய்யாமல் டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் சாயங்காலம் திறந்து பார்த்தால், நாங்கள் அங்கே இருக்கும் நாட்களில் ஒன்றே ஒன்றில்தான் இடம் மிச்சம். ஊர் திரும்புவதற்கு முந்தின நாள். செவ்வாய்க்கிழமை, மத்தியானம் இரண்டு மணி.

"அதை விட்டா வேற நாளே இல்லியா?" என்றார் என் கணவர்.

"இல்லீங்க."

"அப்ப அப்பாவுக்கு இதான் கடைசி சான்ஸு."

மாமா சுவரில் தொங்கிய கம்பிக் கதவு போட்டோவை ஒரு தடவை பார்த்துவிட்டு ஷூவைத் துடைக்கப் போய்விட்டார். சாயங்காலத்தில் ஷூவைத் துடைத்து நான் பார்த்ததே இல்லை.

மாமியாருக்கு ராகுகாலக் கவலை வரும் என்று எனக்குத் தெரியும். அதனால் செவ்வாய்க்கிழமை ராகுகாலம் மூன்று மணிக்குத்தான், இரண்டு மணிக்கு உள்ளே போனால் நல்லது என்று தயாராகப் பதில் வைத்திருந்தேன். "நம்ம ஊரு மூணா, அந்த ஊரு மூணா?" என்று கேட்டார். "எங்க நிக்கறமோ அந்த ஊரு மூணுதான் அத்த," என்றேன். ஒத்துக்கொண்டார். நான் அட்டையை எடுத்து எண்ணைத் தட்டப் போனபோதுதான் அடுத்த கேள்வி வந்தது.

"எத்தன டிக்கெட்டு?"

"மூணு. மாமா, அவரு, நானு."

மாமியார் கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்தினார். (அவர் எங்களோடு வரவில்லை. அதற்கு முந்தின வருஷம் மகள் வீட்டில் ஒரு குளிர்காலம் இருந்துவிட்டு வந்ததிலிருந்து, பிரான்ஸ் என்று யாராவது சொன்னாலே சால்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வார்.)

"மூணு பேரா ஒரு காரியத்துக்குப் போவக்கூடாதுன்னு உனக்குத் தெரியாதா சுமதி? பொண்ணு பாக்கக்கூட மூணு பேரா போவ மாட்டோம். ஒரு தடவதான் கதவச் சாத்திட்டான். மறுபடியும் சாத்தணுமா?"

எங்கள் மகனுக்குப் பரீட்சை. கல்பனாவுக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் செவ்வாய்க்கிழமை வேலை. நான்காவது ஆளுக்கு எங்கே போவது? இரண்டு மணி டிக்கெட்டுகள் கண்ணெதிரே குறைந்துகொண்டே வந்தன. திரையில் ஒரு சின்னக் கடிகாரம் வேறு, சீக்கிரம் பணத்தைக் கட்டு, இல்லாவிட்டால் இடத்தைப் பிடுங்கிக்கொள்வேன் என்று ஓடிக்கொண்டிருந்தது. அப்போது அந்த வரி கண்ணில் பட்டது: பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம்.

என் மூளை இவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்று எனக்கே தெரியாது. பெரியவர்கள் மூன்று, சிறுவர் ஒன்று என்று தட்டினேன். பெயர்கூடக் கேட்கவில்லை. நான்கு டிக்கெட் வந்து விழுந்தது.

"நாலாச்சு அத்த," என்றேன்.

"நாலாவது யாரு?"

"யாருமில்ல. கணக்குக்கு."

மாமியாருக்கு முகமெல்லாம் சந்தோஷம். "அதுக்குத்தான் படிச்ச மருமவ வேணுங்கறது," என்று சொல்லிவிட்டு மறுபடி கத்தரிக்காயை எடுத்தார். அன்றைய நாட்குறிப்பில் நான் எழுதியது இன்னும் இருக்கிறது: 'டிக்கெட் வேலை முழு வெற்றி.' கீழே கோடு வேறு போட்டிருக்கிறேன்.

நான்கு டிக்கெட்டையும் கலரில் பிரிண்ட் எடுத்து, கடையில் கொடுத்து லேமினேட் செய்து, இடது மூலையில் ஓட்டை போட்டு வளையம் கோத்தேன். விமானத்துக்குக் கிளம்பும் அன்று மாமியார் வாசலில் வந்து என் கையில் ஒரு பொட்டலம் கொடுத்தார். பழைய காலுறைக்குள் ஒரு கல். எலுமிச்சம்பழ அளவில், உருண்டையாக, வழவழவென்று, சாம்பல் நிறத்தில்.

"டிக்கெட்டு நாலு இருக்குது, சரி. ஆளு மூணுதான? இதக் கூட வச்சிக்க. இதான் நாலாவது. உள்ள போவறப்ப கையில இருக்கணும், பெட்டியில போட்டு வச்சிட்டுப் போயிடாத."

மூன்று பேராகப் போக நேர்ந்தால் ஒரு கல்லை எடுத்து வைத்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். பக்கத்து ஊருக்குப் போக வழியில் கிடக்கும் கல் போதும். பிரான்சுக்கு என்பதால் மாமியார் நல்லதாகத் தேடி எடுத்துக் கழுவி வைத்திருந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. மாமா விடியற்காலையிலேயே கோட்டு போட்டு, மெடல் குத்தி உட்கார்ந்திருந்தார். ரயிலில் ஜன்னலோர இடம் கொடுத்தும் உட்காரவில்லை, நின்றுகொண்டே வந்தார். அரண்மனையைத் தூரத்தில் பார்த்ததும் எனக்கே கால் தரையில் படவில்லை. பொன்னாக மின்னும் அந்தக் கம்பிக் கதவு, போட்டோவில் கறுப்பு வெள்ளையில் பார்த்தது, திறந்து கிடந்தது. மாமா அதைத் தாண்டும்போது கையால் ஒரு கம்பியைத் தொட்டுவிட்டு, "வரேன்டா," என்றார். கதவிடம்தான்.

இரண்டு மணிக்குக் கால் மணி இருக்கும்போது வரிசையில் முதலாவதாக நின்றோம். டிக்கெட் பார்க்கும் இளைஞனிடம் வளையத்தோடு நான்கையும் நீட்டினேன். லேமினேஷன் பளபளப்பில் அவனுடைய கருவி எதையும் படிக்கவில்லை. சாய்த்தான், நிமிர்த்தினான், குடைபோல் உள்ளங்கையால் மறைத்துப் பார்த்தான். கடைசியில் என் கணவர் தன் முதுகால் வெயிலை மறைக்க, நான்கு தடவை 'பீப்' என்றது. அப்பாடா என்று நான் மூச்சு விட்டபோது அவன் எங்களை எண்ணினான். மறுபடியும் எண்ணினான்.

"குழந்தை எங்கே?" என்று பிரெஞ்சில் கேட்டான்.

இங்கே என் பிரெஞ்சைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் கணவரிடம் அப்பா வழியில் வந்த பிரெஞ்சு பாஸ்போர்ட் உண்டு, பிரெஞ்சு கிடையாது. அதனால் பயணத்துக்காக நான் ஊரில் மாலை வகுப்பில் சேர்ந்து பாடங்களை வரிக்கு வரி மனப்பாடம் செய்திருந்தேன். அதில் ஒரு குடும்பம் கடைத்தெருவுக்குப் போகும். "குழந்தை எங்கே?" என்று கடைக்காரர் கேட்பார். அந்தக் கேள்வி அச்சு மாறாமல் என் முன்னால் வந்து நின்றதும், ஆசிரியர் கேட்டதுபோல் பாடத்தின் அடுத்த வரியைக் கணீரென்று ஒப்பித்துவிட்டேன்.

"பின்னால் வருகிறான்."

உச்சரிப்பு அவ்வளவு சுத்தம். அவன் தலையாட்டி எங்களை ஓரமாக நிற்கச் சொன்னான். குழந்தை வந்ததும் சேர்ந்து உள்ளே போகலாமாம்.

நின்றோம். எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் உள்ளே போனார்கள். இரண்டு மணி ஆயிற்று, தாண்டிற்று. மாமா வாசலையே பார்த்துக்கொண்டு விறைப்பாக நின்றார். கொஞ்ச நேரத்தில் அந்த இளைஞன் கவலையாகி யாரையோ கூப்பிட, வாக்கிடாக்கி வைத்திருந்த ஓர் அம்மாள் வந்தார். நரைத்த முடி, என் மாமியார் வயதுதான் இருக்கும். என் தோளில் கை வைத்து, பயப்படாதீர்கள், கண்டுபிடித்துவிடலாம் என்று மெதுவான ஆங்கிலத்தில் சொன்னார். அந்த நேரத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் டிக்கெட்டில் சிறுவர் ஒன்று என்று அச்சடித்திருக்கிறது. ஆவணத்துக்கும் ஆளுக்கும் கணக்கு ஒத்துப்போக வேண்டும் என்று இத்தனை வருஷம் ஸ்டோர்ஸில் பழகிய புத்தி, அங்கே போய் ஆவணத்தின் பக்கம் சேர்ந்துகொண்டது.

"பெயர் என்ன?"

"முருகேசன்." (யார் இந்த முருகேசன் என்று எனக்கு இன்றும் தெரியாது.)

"என்ன நிறச் சட்டை?"

கோட்டுப் பையில் என் கை அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டிருந்தது. "சாம்பல்," என்றேன்.

"தலைமுடி?"

கல்லைத் தடவினேன். "இல்லை."

"முடியே இல்லையா?"

"வழவழவென்று இருக்கும்."

அந்த அம்மாள் அதையும் வாக்கிடாக்கியில் சொன்னார். இரண்டு காவலர்கள் பஸ் நிற்கும் இடத்தை நோக்கி ஓடினார்கள். என் கணவர் என் காதருகே வந்தார்.

"யாரத் தேடறாங்க?"

"நம்ம பையன."

"அவன் ஊர்ல பரீட்ச எழுதிட்டு இருக்கானே."

"அவன் இல்ல. இது இன்னொருத்தன்."

"நமக்கு ஏது இன்னொருத்தன்?"

"மொட்டத் தல. பேரு முருகேசன். நீங்க கொஞ்சம் கவலையா மூஞ்ச வச்சிக்கங்க."

அதற்கு அவர் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை.

மாமாவுக்கு மட்டும்தான் நடந்தது முழுக்கப் புரிந்திருந்தது. இத்தனை நேரம் மருமகளின் மானத்துக்காகப் பேசாமல் இருந்திருக்கிறார். காவலர்கள் ஓடுவதைப் பார்த்ததும் என் பக்கம் திரும்பினார்.

"எடும்மா அத."

எடுத்துக் கொடுத்தேன். அந்த அம்மாள் முன்னால் போய்க் காலைச் சேர்த்து நின்று, ஒரு சல்யூட் வைத்து, கமாண்டரிடம் ரிப்போர்ட் கொடுப்பதுபோல் பிரெஞ்சில் பேசினார். பாடப்புத்தகப் பிரெஞ்சு இல்லை, பட்டாளத்துப் பிரெஞ்சு. எனக்குப் புரிந்தவரை அவர் சொன்னது இதுதான்: மதாம், தேட வேண்டாம். குழந்தை கிடையாது. எங்கள் ஊரில் மூன்று பேராக ஒரு காரியத்துக்குப் போவதில்லை. நான்காவது ஆள் இவர். போன தடவை நான் வந்தபோது திங்கட்கிழமை என்று கதவு சாத்தியிருந்தது. இந்தத் தடவை கதவு திறந்திருக்கிறது, எங்கள் கணக்கு தப்பிவிட்டது. நாளைக்கு விமானம். இன்னொரு தடவை வரும் வயசு எனக்கு இல்லை.

விரித்த உள்ளங்கையில் கல்லை நீட்டினார்.

அந்த அம்மாள் கல்லைப் பார்த்தார். சாம்பல் நிறம், முடி இல்லை, வழவழவென்று இருந்தது. நான் கொடுத்த அடையாளத்தில் ஒன்றுகூடத் தவறில்லை என்பதை அவர் சரிபார்ப்பதுபோல் எனக்குத் தோன்றியது. பிறகு வாக்கிடாக்கியை எடுத்து, பையன் கிடைத்துவிட்டான் என்றார். உதடு துடித்தது. அது கோபமா சிரிப்பா என்று தெரியாமல் நான் தரையைப் பார்த்தேன்.

நேரம் தவறியதை மன்னித்து எங்களை உள்ளே விடுவதாகச் சொன்னார். ஆனால் கல் உள்ளே வரக்கூடாது. சட்டம் சட்டம்தான். வாசலில் ஓரமாக வைத்துவிட்டுப் போகிறேன் என்றேன். கேட்பாரற்ற பொருள் எதுவும் முற்றத்தில் இருக்கக்கூடாது, குப்பைத் தொட்டியில் போடுங்கள் என்றார்.

"அவ்ளோ தூரத்துலருந்து கூட்டியாந்துட்டு குப்பையில போடறதா?" என்றார் மாமா. "அதுவும் இல்லாம இத வுட்டுட்டு மறுபடியும் மூணு பேரா உள்ள போவணும். இன்னிக்கு நான் துணிய மாட்டேம்மா. ரெண்டு பேரா போனா வம்பில்ல."

என் கணவர் அண்ணாந்து கூரையில் இருந்த சிலைகளை மிகவும் ரசித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் போங்க மாமா," என்றேன். "நான் இருக்கறேன்."

இப்படியாக, கட்டம் போட்டு, வரைபடத்தில் குறி போட்டு, வெயிலின் திசைவரை கணக்குப் பார்த்து டிக்கெட் எடுத்தவள், ராஜாவின் முற்றத்துக் கருங்கல் தரையில் ஒரு கல்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாமா உள்ளே நுழையும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. இப்போது எந்த அறையில் இருப்பார், இப்போது எந்தப் படியில் ஏறுவார் என்று பென்சில் குறி போட்ட வரைபடத்தில் விரலை நகர்த்திக்கொண்டே இருந்தேன். விரல் கண்ணாடி மண்டபத்துக்கு வந்ததும் அங்கேயே நின்றுவிட்டது. (அப்போது மூன்று மணிக்கு மேல் ஆகிவிட்டது. ராகுகாலம். இதை மாமியாரிடம் நாங்கள் யாரும் சொல்லவில்லை.) நடுவில் அந்த அம்மாள் இரண்டு முறை அந்தப் பக்கம் வந்தார். இரண்டாம் முறை குனிந்து, பெரிய மனிதர்களை விசாரிக்கும் பிரெஞ்சு மரியாதையோடு, "முஸ்யே முருகேசன் நலமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மூடும் நேரத்தில்தான் வெளியே வந்தார்கள். மாமா என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். கோட்டு கசங்கும் என்று பஸ்ஸில்கூடச் சாயாத மனிதர்.

"எப்பிடி மாமா இருந்துச்சி?"

"ரூமுக்கு ரூமு கட்டிலா இருக்குதும்மா. ராஜாவுக்குத் தூங்கறதத் தவிர வேற வேல இல்ல போலருக்குது."

"கண்ணாடி மண்டபம்?"

மெடலை நேராக்கிக்கொண்டார். "நடுவுல நின்னு ஒரு சல்யூட்டு வச்சேன். எதிர்ல மெடல் குத்திக்கினு ஒரு கெழவன் திருப்பி வச்சான். நல்ல விறைப்பா வச்சான். யாருடா இந்த ஆளுன்னு பாத்தா, நானு."

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அடுத்த ஜூலை பதினாலில் அந்துவான் மாமாவிடம் இதையே அரை மணி நேரம் சொன்னாராம். கம்பி எண்ணின கதை அதோடு நின்றது.

அதற்குப் பதிலாக என் கதை ஆரம்பித்தது. என் கணவர் ரயிலிலிருந்தே அம்மாவுக்கு வீடியோவில் எல்லாவற்றையும் நடித்துக் காட்டிவிட்டார். இப்போது எங்கள் வீட்டில் யார் எங்கே கிளம்பினாலும், "முருகேசனுக்கு டிக்கெட் போட்டாச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிற சொந்தக்காரர்கள், "முருகேசனையும் கூட்டிட்டு வந்துடுங்க" என்று சிரிக்காமல் சொல்கிறார்கள். கல்பனா பார்சல் அனுப்பும்போது அவன் பெயர் எழுதி ஒரு சாக்லெட் வருகிறது. அதை என் மகன் தின்றுவிட்டு, "தம்பி தேங்க்ஸ் சொல்லச் சொன்னான் அத்தை" என்று பதில் போடுகிறான்.

போன வாரம் கல்பனா மறுபடியும் கூப்பிட்டாள், இந்த வருஷமும் எல்லாரும் வாருங்கள் என்று. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார்.

"எல்லாரும் எதுக்கு? அவங்கதான் பாத்துட்டாங்களே. உள்ள பாக்காதது சுமதியும் முருகேசனும்தான். ரெண்டு பேரா போயிட்டு வரட்டும், ரெண்டுன்னா ஒண்ணும் பயமில்ல. டிக்கெட்ட மட்டும் நீயே போட்டுடு கல்பனா."

மாமா எழுந்து போய், என் ஷூவை எடுத்து வந்து பாலிஷ் போட ஆரம்பித்தார்.